என் பேரில் ஒரு வீடு

என் அண்ணன் மார்வின் என்னை அறைந்தபோது நான் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஐம்பது வயது, எனக்கு நாற்பத்தைந்து. இருபது வருஷமாக நான் மருத்துவமனை அவசரப் பிரிவில் தாதி. குடித்துவிட்டு வந்து எங்கள்மேல் கை ஓங்கும் தடியன்களைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியவள். அப்படிப்பட்ட என் இடது கன்னத்தில் அவன் கை விழுந்தது. காதுக்குள் ங்கொய் என்று ஒரு சத்தம் ஆரம்பித்து அடங்கவே இல்லை.

நான் யோசிக்கவெல்லாம் இல்லை. கையில் இருந்த கரண்டியைத் திருப்பி அவன் தோளில் ஒரு போடு போட்டேன். எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்த கரண்டி. நைலான் சட்டை பொசுங்கித் தோலோடு ஒட்டிக்கொண்டது. அவன் அலறிய அலறலில் அண்ணி டானியலா குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.

"மாதாவே! என்ன ரெண்டு பேரும் பைத்தியமா?"

"அவனைக் கேளுங்க அண்ணி. வீடு மூணு மாசமா சும்மா பூட்டிக் கிடக்குது, நான் போய் இருந்துக்கறேன்னு கேட்டேன். இதான் பதிலு."

"யாரு வீடுடி அது?" என்று மார்வின் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

நல்ல கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல மூன்று வருஷம் பின்னால் போகவேண்டும்.

2021-இல் ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நேரம், மார்வின் கணினியில் ஏதோ சொத்து முதலீட்டு வகுப்பில் சேர்ந்தான். துவாஸில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பான். நல்ல குரல். அந்தக் குரலை வைத்தே கோயில் பங்கு மக்களில் பாதிப் பேர் அவனைப் பெரிய மனுஷன் என்று நம்பினார்கள், நான் உட்பட. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் என் எதிரே உட்கார்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஜெனி, உனக்கு எவ்ளோ வேல்யூ இருக்கு தெரியுமா?"

"எனக்கா? காய்ச்சலா உனக்கு?"

"ஜோக் இல்ல லா. உன் பேர்ல எச்டிபி இல்ல, கொண்டோ இல்ல. கல்யாணமும் இல்ல. யூ ஆர் கிளீன்."

அவன் சொன்னது இதுதான். அவனுக்கும் அண்ணிக்கும் புக்கிட் பாஞ்சாங்கில் வீவக வீடு, அதாவது எச்டிபி என்று நாங்கள் சொல்லும் அரசாங்க அடுக்குமாடி வீடு, இருந்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டாவது வீடு வாங்கினால் அரசாங்கம் கூடுதலாக ஸ்டாம்ப் டியூட்டி போடும், பெரிய தொகை. ஆனால் எதுவுமே இல்லாத என் பேரில் வாங்கினால் அது முதல் வீடு, கூடுதல் வரி கிடையாது. கல்யாணச் சந்தையில் விலை போகாமல் கிடந்த தங்கச்சி வீட்டுச் சந்தையில் திடீரென்று ஏறிவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, சிரித்துவைத்தேன்.

அந்த வருஷம் நான் எனக்கென்று ஒரு சின்ன வீவக வீட்டுக்கு விண்ணப்பம் போட இருந்தேன். தனியாள்கள் முப்பத்தைந்து வயதுக்குமேல் வாங்கலாம். அம்மா இறந்து அவள் வீட்டை விற்றபிறகு அண்ணன் வீட்டில் ஓர் அறையில் இருந்துவந்தேன். எனக்குச் சொந்தக் கதவு வேண்டும் என்று ஆசை. மற்றவர்களுக்கு இது பெரிய ஆசையாகத் தோன்றாது. அண்ணன் குடும்பம் தூங்கும்வரை டிவி முன்னால் உட்கார்ந்து கொட்டாவி விட்டவளுக்கு அது பெரியதுதான்.

"ரெண்டறை வீட்டை வாங்கி என்ன பண்ணப் போறே? புறாக் கூண்டு லா அது. மூணு வருஷம் வாடகைக்கு விடுவோம். அப்புறம் நீயே போய் இரு. உனக்குத்தான் அந்த வீடு, நான் என்ன தலையிலயா தூக்கிட்டுப் போகப்போறேன்?" என்றான். வீட்டுப் பீடத்தில் எரிந்த மெழுகுவத்திக்கு முன்னால் நின்று சொன்னான். நானும் வாயைப் பிளந்துகொண்டு நம்பினேன்.

ஃபேரர் பார்க்கில் ஒரு பழைய நாலு மாடிக் கட்டடத்தில் மூன்றாம் மாடி வீடு. மின்தூக்கி கிடையாது. மார்வின் அதைக் கொண்டோ, பணக்காரத் தனியார் அடுக்குமாடி, என்றே சொல்வான். நீச்சல் குளம் இருக்கவேண்டிய இடத்தில் குப்பைத் தொட்டி இருந்தது. முன்பணத்தில் பாதி அவன் கொடுத்தான், மீதிப் பாதி என் சேமநிதி, பதினேழு வருஷ இரவு வேலை. வங்கிக் கடன் முழுக்க என் சம்பளத்தின்பேரில்.

வக்கீல் விஸ்வலிங்கம் யாழ்ப்பாண வம்சாவளிக்காரர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் பேசுகிறவர். மார்வின் கொடுத்த பணம் அன்பளிப்பு, அந்த வீட்டில் அவனுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று ஒரு கடிதம் வைத்தார். மார்வினை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் கேட்டார்.

"மிஸ் ஜெனிவீவ், இது உண்மையாகவே அன்பளிப்புத்தானே? பிறகு வாடகை அவருக்கு, விற்றால் காசு அவருக்கு என்று உங்களுக்குள்ளே ஒரு பேச்சும் இல்லையே? அப்படி இருந்தால் இது வரி ஏய்ப்பு. இரண்டு பேருக்கும் பிரச்சினை வரும்."

"இல்ல சார். அண்ணன் ஆசையா குடுக்குறான்."

பேச்சு இருந்தது. வாடகை அவன் கணக்குக்குப் போகும், விற்றால் லாபத்தில் பாதி அவனுக்கு என்று வாட்சப்பில் எழுதியே வைத்திருந்தான். நான் கூசாமல் பொய் சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கும் உரிமையும் அந்தக் கையெழுத்தோடு போனது. தனியார் வீடு பேரில் இருக்கிறவரை வாய்ப்பில்லை, விற்றபிறகும் இரண்டரை வருஷம் காத்திருக்கவேண்டும்.

அடுத்த வருஷம் வாடகை ஏறத் தொடங்கியது. ஏறியது என்றால் அப்படி ஓர் ஏற்றம். புதுக் கட்டடங்கள் எல்லாம் தாமதம், வெளிநாட்டுக்காரர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், பழைய வீட்டுக்குக்கூட மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். மார்வினுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் காலையில் பைபிளைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வாடகைச் செய்திகளைப் படித்தான். ஃபேரர் பார்க் வீட்டில் குடியிருந்தவன் நிஷாந்தன், துறைமுக அலுவலகத்தில் எழுத்தர். அவனும் மனைவி நிவேதிகாவும் சத்தமில்லாத ஆட்கள். ஒப்பந்தம் முடிந்ததும் வாடகையை ஒன்றரை மடங்காக்கப் போகிறேன் என்று மார்வின் கிளம்பினான். வீடு என் பேரில் இருந்ததால் என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

"மிஸ்டர் மார்வின், கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. வைஃப் மாசமா இருக்கா" என்றான் நிஷாந்தன்.

"அதுக்கு நான் பொறுப்பா? மார்க்கெட் ரேட் லா பிரதர். முடியலன்னா காலி பண்ணு."

"ஏஜெண்ட்கிட்ட பேசுவோமே."

மார்வின் வாசலில் இருந்த காலணி அடுக்கைக் காலால் எட்டி உதைத்தான். அது படிகளில் உருண்டு இரண்டாம் மாடித் திருப்பத்தில் மோதி உடைந்தது. நிவேதிகாவின் செருப்புகள் படி முழுக்கச் சிதறின. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். அவள் என்னைத்தான் பார்த்தாள், ஒப்பந்தத்தில் இருந்த பேர் என் பேர். "விடுண்ணே" என்றுகூட நான் சொல்லவில்லை. "கேட்ட வாடகைய ஒத்துக்கிட்டிருக்கலாம்ல" என்று அவர்களையே கடிந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது. அவர்கள் ஏறின வாடகையைக் கொடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள், போக இடமில்லை.

ருசி கண்டவன் விடுவானா? அடுத்து என் அறைமேல் கண் வைத்தான். புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் அறைக்கே அப்போது மாத வாடகை ஆயிரம் வெள்ளிக்குமேல். கடைத்தொகுதியில் வேலை பார்க்கும் ஒரு பிலிப்பீன்ஸ்காரனை என் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, என்னைப் பாம் ஷெல்டருக்குள் போகச் சொன்னான். வீவக வீடுகளில் சமையலறை ஓரத்தில் இருக்குமே, தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாக, போர் வந்தால் ஒளிந்துகொள்ள. எல்லார் வீட்டிலும் அதில் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறியும் இருக்கும். எங்கள் வீட்டில் நான் இருந்தேன். ஜன்னல் இல்லை. மெத்தையை விரித்தால் கால் சுவரில் இடிக்கும். கதவைச் சாத்தினால் போனில் சிக்னல் வராது.

"கொஞ்ச நாள்தானே ஜெனி. அப்புறம் உன் வீட்டுக்கே போயிடப்போறே" என்றாள் அண்ணி, கண்ணைப் பார்க்காமல்.

அந்தக் கொஞ்ச நாள் ஒன்றரை வருஷம் ஆனது. பல்லைக் கடித்துக்கொண்டு நான் நாளை எண்ணினேன். 2024 ஜூலையோடு மூன்று வருஷம் முடியும். அது முடிந்தால் ஃபேரர் பார்க்.

அதற்குள் காற்று திரும்பிவிட்டது. தாமதமான புதுக் கொண்டோக்கள் எல்லாம் ஒரே மூச்சில் திறந்தன. குளமும் மின்தூக்கியுமாக, நாங்கள் கேட்ட அதே வாடகைக்கு. நிஷாந்தன் ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏப்ரலில் காலி செய்தான். வீடு பார்க்க வந்தவர்கள் படியேறி மூச்சு வாங்கிவிட்டு அப்படியே இறங்கிப் போனார்கள். அதே சமயத்தில் வங்கியின் பழைய குறைந்த வட்டி முடிந்து புது வட்டி வந்தது, ஏறக்குறைய மூன்று மடங்கு. மாதத் தவணை என் சம்பளத்தில் பெரும்பகுதியைத் தின்றது. மார்வின் ஒரு வெள்ளிக் காசுகூட கொடுக்கவில்லை. லாபம் என்றால் நாம், நஷ்டம் என்றால் ஜெனி.

இந்த நிலைமையில்தான் நான் மீன் பொரித்துக்கொண்டே கேட்டேன், கன்னத்தில் வாங்கினேன்.

அவன் மனதில் வேறு கணக்கு இருந்தது. மூன்று வருஷத்துக்குள் விற்றால் விற்பனை வரி கட்டவேண்டும், அந்தக் கெடு முடிந்த கையோடு வீட்டைத் தள்ளிவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம். வாங்க ஆளும் பிடித்துவைத்திருந்தான். ஆப்ஷன் என்ற விற்பனை ஒப்புதல் தாளில் விற்பவள் கையெழுத்துப் போட்டால் போதும், வேலை முடிந்தது. விற்பவள் நான்.

"நான் போடமாட்டேன்" என்றேன்.

"வெல இறங்குறதுக்குள்ள வித்துடணும் ஜெனி. ஒனக்கு மார்க்கெட் தெரியாது."

"மார்க்கெட் எக்கேடோ கெட்டுப்போவட்டும். எனக்கு இருக்க எடம் வேணும். நீ பீடத்துக்கு முன்னாடி நின்னு சொன்னியே, அது என்னாச்சு?"

"எமோஷனலா பேசாதே."

"வித்தப்புறம் நான் எங்க இருப்பேன்? ரெண்டரை வருஷம் எச்டிபியும் குடுக்கமாட்டான். ஒன் அரிசி மூட்டை பக்கத்துலயா?"

இரண்டு வாரம் தினமும் சண்டை. அவன் என் போனைச் சுவரில் அடித்தான். நான் அவன் மடிக்கணினியைக் குழாயில் பிடித்தேன். என் சீருடையைக் குப்பைக் குழியில் போட்டான். அவன் காபியில் நான் உப்பை அள்ளிக் கொட்டினேன், அவன் கோப்பையை என் நெற்றிக்கு வீசினான். மூன்று தையல் போடவேண்டிய காயம். நானே கண்ணாடி பார்த்து ஒட்டுப்பட்டை ஒட்டிக்கொண்டேன், தையல் போடப் போகவில்லை. போனால் எப்படி என்று கேட்பார்களே. அந்த வீட்டில் யாரும் யாரையும் தடுக்கவில்லை. அண்ணி ஜெபமாலையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொள்வாள்.

அவன் கோர்ட்டுக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எந்த முகத்தோடு போவான்? "இந்த வீடு என் பணத்தில் வாங்கியது, தங்கச்சி பேரில் சும்மா போட்டேன்" என்று சொன்ன அடுத்த நிமிஷம் வரி அதிகாரி கதவைத் தட்டுவான். அன்பளிப்புக் கடிதம் அவன் வாயைத் தைத்துவிட்டது. வாயைத் திறக்க வழியில்லாதவனுக்குக் கை மட்டும்தான் மிச்சம்.

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பிலிப்பீன்ஸ்காரன் வேலைக்குப் போய்விட்டான். அண்ணி பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தாள். மார்வினுக்கு அன்று முதல் வாசகம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து தாளை நீட்டினான்.

"இன்னிக்கு சாயங்காலம் ஏஜெண்ட் வந்து வாங்கிக்குவான். போடு."

தாளை வாங்கி நாலாகக் கிழித்து அவன் சட்டைப் பையில் செருகினேன்.

அவன் இரண்டு கையாலும் என் கழுத்தைப் பிடித்தான். விளையாட்டுக்குப் பிடிப்பது வேறு. கட்டைவிரல் இரண்டும் தொண்டைக் குழியில் இறங்கின. எனக்குத் தெரியும், அந்த இடத்தில் எத்தனை விநாடி அழுத்தினால் என்ன ஆகும் என்று. நான் முழங்காலைத் தூக்கி உதைத்தேன், நகத்தால் கிழித்தேன். அவன் விடவில்லை. சமையலறை வழியாக இழுத்துக்கொண்டுபோய் ஷெல்டருக்குள் தள்ளினான். பின்மண்டை இரும்பு அலமாரியில் இடித்தது. கதவைச் சாத்துவதும், சலவை இயந்திரத்தைத் தரையில் கரகரவென்று இழுத்துவந்து கதவுக்கு முட்டுக்கொடுப்பதும் கேட்டது.

"மார்வின், வேணாம்ங்க" என்று அண்ணியின் குரல்.

"அவ யோசிக்கட்டும். வா, பூசைக்கு நேரமாச்சு."

போய்விட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், தங்கச்சியை இரும்புக் கதவுக்குள் அடைத்துவிட்டுப் போய் ஆண்டவரின் வார்த்தையை வாசித்தான். இரண்டு மணி நேரத்துக்குமேல் நான் உள்ளே இருந்தேன். கத்தினேன். கதவைத் தோளால் இடித்தேன். அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு, ஒரு விரல் அளவு நகர்ந்து இயந்திரத்தில் முட்டி நின்றது. புது போனில் ஒரு கோடுகூட இல்லை. தலைக்குப் பின்னால் தொட்டால் பிசுபிசுத்தது. பயம் வரவில்லை, அழுகையும் வரவில்லை.  அவனைக் கொல்லவேண்டும் என்று வார்த்தை வார்த்தையாக நினைத்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

மத்தியானம் திரும்பினார்கள். இயந்திரம் நகரும் சத்தம் கேட்டது. நான் எழுந்து கதவின் உட்பக்கக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கதவு ஒரு சாண் திறந்தது. அந்த இடுக்கு வழியாக அவன் வலது கை உள்ளே வந்தது. அதில் ஒரு புதுத் தாள், ஒரு பேனா.

"போட்டுட்டு வெளிய வா. பிரியாணி வாங்கியாந்திருக்கோம்" என்றான்.

பிரியாணியாம். நான் ஒரு காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து உடம்பின் பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்துக் கதவை இழுத்தேன்.

எலும்பு உடையும் சத்தம் எனக்குப் புதிதில்லை. ஆனால் நானே உடைத்தது அதுதான் முதல்முறை. அவன் எழுப்பிய ஓலம் அந்தக் கான்கிரீட் அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. நான் விடவில்லை. இன்னொரு முறை இழுத்தேன். விரல்கள் நீலமாகிப் பேனா என் காலடியில் விழுந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லிவிடுகிறேன், பண்டிகை நாள் மாதிரி சந்தோஷமாக இருந்தது.

அண்ணி என் தலைமுடியைப் பிடித்து இழுத்த பிறகுதான் கையை விட்டேன். வெளியே வந்தால் அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுங்கினான். வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். மோதிர விரலும் நடுவிரலும் எதிர்ப்பக்கம் மடங்கியிருந்தன. அடுத்து நடந்ததுதான் எனக்கே விளங்காதது. நான் உறைபெட்டியைத் திறந்து ஐஸ் எடுத்து, துண்டில் சுற்றி, அவன் கையை உயர்த்திப் பிடித்து, மரக் கரண்டியை வைத்துக் கட்டினேன். வீக்கம் ஏறுவதற்குள் சோப்பு போட்டு மோதிரத்தைக் கழற்றினேன். இருபது வருஷப் பழக்கம், கை தானாக வேலை செய்தது.

"டாக்சி கூப்பிடுங்க அண்ணி. ஆம்புலன்ஸ் வேணாம்."

நாங்கள் போனது என் மருத்துவமனைக்கேதான், கிட்டத்தில் இருந்தது அது. அன்று வேலையில் இருந்தது சக்தி, என்னோடு வேலைக்குச் சேர்ந்து அன்றிலிருந்து கூட இருப்பவள். மார்வினைப் படுக்கவைத்து எப்படி ஆச்சு என்று கேட்டாள்.

"கதவு லா. காத்துல சாத்திக்கிச்சு" என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு.

எழுதிக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். நெற்றியில் ஒட்டுப்பட்டை, காதுக்குப் பின்னால் காய்ந்த ரத்தம், கழுத்தில் இரண்டு பக்கமும் விரல் விரலாகச் சிவப்பு. என் கையைப் பிடித்து அடுத்த கட்டிலுக்கு இழுத்துக்கொண்டுபோய்த் திரையைச் சாத்தினாள். எங்களுக்கும் மார்வினுக்கும் நடுவில் அந்தத் துணி மட்டும்.

"ஜெனி, யாரு?"

நான் சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டேன்.

"கழுத்த நெரிச்சிருக்கான். எனக்குத் தெரியாதா? பேர் சொல்லு. போலீஸ் வெளிய கவுண்டர்லயே இருக்காங்க. ஒரு வார்த்த சொல்லு போதும்."

ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போலீஸ் வரும். எதற்கு நெரித்தான் என்று கேட்கும். கையெழுத்துக்கு என்பேன். என்ன கையெழுத்து, யார் வீடு, யார் பணம்? மார்வின் போனில் அந்த வாட்சப் இருக்கிறது. வக்கீல் முன்னால் நான் சொன்ன பொய் இருக்கிறது. வரி, அபராதம், வழக்கு. தாதி உரிமம் தங்குமா? வீடு தங்குமா? சேமநிதியெல்லாம் கரைந்துவிட்டது. நாற்பத்தைந்து வயதில் நான் எந்த ஷெல்டரில் போய்ப் படுப்பேன்? மார்வின் கை நொறுங்கியும் காற்று என்று சொன்னான். அவன் வாய் திறக்கமாட்டான். நானும் திறக்காவிட்டால் வீடு என்னுடையது. காகிதத்தில் என் பேர்தானே இருக்கிறது.

"யாரும் இல்ல சக்தி. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கேள்வியை நாங்கள் இரண்டு பேரும் எத்தனை பெண்களிடம் கேட்டிருப்போம். அவர்கள் இப்படிச் சொல்லும்போது எனக்கு மண்டைக்கு ஏறும், வெளியே வந்து "மடச்சி" என்று திட்டுவேன். சக்தி திட்டவில்லை. சொன்னதை அப்படியே எழுதினாள். துணிக்கு அந்தப் பக்கம் மார்வின் நீளமாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மறுநாளே இரண்டு பைகளோடு ஃபேரர் பார்க் போனேன். பூட்டை மாற்றினேன், கதவில் ஒரு சங்கிலி மாட்டினேன். மெத்தையைத் தரையில் போட்டு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவைத்துப் பதினோரு மணி நேரம் தூங்கினேன். லாரி பின்னால் எடுக்கும் சத்தமும், டேக்கா சந்தைப் பக்கமிருந்து வரும் மசாலா வாசனையும், எதிர்வீட்டு டிவியும் எல்லாம் தேனாக இருந்தது. எதிர்வீட்டில் இருந்தவர் அப்துல் அஜீஸ், சிராங்கூன் சாலையில் துணிக்கடை வைத்து ஓய்வுபெற்ற மனிதர். மனைவி கொடுத்தனுப்பினாள் என்று ஒரு தட்டு கறிபஃப் கொண்டுவந்து வைத்தார். சாப்பாட்டைத் தட்டோடு எடுத்துக்கொண்டுபோய்ச் சொந்த ஹாலில் நடுவே உட்கார்ந்து, உள்ளாடையோடு தின்றேன். தவணை கட்டியபிறகு கையில் மிஞ்சியது கஞ்சிக்குத்தான் காணும். போகட்டும் என்றிருந்தது.

ஆறு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், கதவை யாரோ இடித்தார்கள். தட்டவில்லை, இடித்தார்கள். துளை வழியாகப் பார்த்தேன். மார்வின். வலது கையில் இன்னும் கட்டு. இடது கையில் சுத்தியல்.

"போயிடு. போலீசக் கூப்பிடுவேன்" என்று உள்ளிருந்தே கத்தினேன்.

அவன் சிரித்தான். வாசகம் வாசிக்கிற அந்த நல்ல குரலில், அவசரமே இல்லாமல் பேசினான்.

"கூப்பிடமாட்டே ஜெனி. அன்னிக்கு அந்தத் துணிக்கு இந்தப் பக்கம்தானே நான் படுத்திருந்தேன்? அப்பவே தெரிஞ்சுபோச்சு. கழுத்த நெரிச்சாலே சொல்லாதவ, இனிமே எதுக்கு சொல்லப்போறே?"

 வீட்டைக் காப்பாற்றச் சொன்ன பொய் இந்த வீட்டுக் கதவையே அவனுக்குத் திறந்துவிட்டதே என்று அப்போதுதான் உறைத்தது. சுத்தியல் பூட்டின்மேல் இறங்கியது. ஒன்று, இரண்டு, ஐந்து. புதுப் பூட்டு தெறித்து உள்ளே விழுந்தது. கதவு சங்கிலி அளவுக்குத் திறந்தது. நான் தோளைக் கொடுத்து அழுத்தினேன். இடுக்கு வழியாகச் சுத்தியல் வந்து என் மணிக்கட்டில் விழுந்தது. உள்ளே எலும்பு விட்டுப்போனதை உணர்ந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

எதிர்க் கதவு திறந்தது. அப்துல் அஜீஸ் கைலியோடு வெளியே வந்தார். சுத்தியலைப் பார்த்தார், மரச் சிராய்களைப் பார்த்தார், இடுக்கில் என் முகத்தைப் பார்த்தார். கையில் போன் இருந்தது.

"தங்கச்சி, யாரும்மா இது? போலீசக் கூப்பிடட்டுமா? சொல்லும்மா, போன் அடிக்கிறேன் இப்பவே."

மார்வின் சுத்தியலைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பொறுமையாகக் காத்திருந்தான். பாய் ஒரு நம்பரை அழுத்த ஆரம்பித்தார்.

"வேணாம் பாய்" என்றேன். "எங்க அண்ணன்தான்."

"அண்ணனா?"

"ஆமா. பூட்டு மாட்டிக்கிச்சு. ஒடச்சுத் தர வந்திருக்கான்."

 பாய் போனை இறக்கினார், ஆனால் உள்ளே போகவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வலிக்காத கையால் நான் சங்கிலியைக் கழற்றினேன். மார்வின் சுத்தியலோடு உள்ளே வந்தான். கதவை நானே சாத்தினேன்.